கோப்பை மன்றத்தில் இருக்கிறது. பெயர் மாவட்டப் பட்டியலில் இருக்கிறதா?

சதுரங்கப்பட்டினத்தில் இருந்து புதுப்பட்டினம், வாயலூர், கூவத்தூர் வரை கடற்கரையை ஒட்டிய நம் குடியிருப்புகளில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஒரு சுற்று வந்தால் போதும். இரண்டு சவுக்குக் கம்பம், நடுவே கிழிசல் தைத்த நெட், மணலில் கயிறு இழுத்துப் போட்ட கோடு. வேலைக்குப் போன இளைஞர்கள் திரும்பியதும் ஆட்டம் தொடங்கிவிடும். இருட்டிய பிறகும் தெருவிளக்கு வெளிச்சத்தில் பந்து ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

பொங்கல் வந்தால் போட்டி. ஏப்ரல் 14 அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள் வந்தால் போட்டி. இளைஞர் மன்றத்தின் ஒற்றை அறையில் அலமாரி கொள்ளாத அளவுக்குக் கோப்பைகள். ஆனால், தேசியப் போட்டிக்குப் போன பிள்ளை யார் என்று கேட்டால் பல மன்றங்களில் பதில் வராது. மாவட்ட அணித் தேர்வுக்குப் போனவர் யார் என்று கேட்டாலும் அதே நிலைதான்.

ஆட்டத்தில் குறை இல்லை. வழி தெரியாததுதான் குறை. ஊரில் வெல்லும் கோப்பைக்கும் தேசியப் போட்டிக்கும் நடுவில் ஒரு பதிவேடு இருக்கிறது. அதில் பெயர் ஏறாத வரை எத்தனை கோப்பை வென்றாலும் கணக்கில் வராது. அந்த வழியை நம் மாணவர்களும் மன்றத்துப் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

மன்ற அணி நேராகப் போக முடியுமா?

நம்மிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. எங்கள் மன்ற அணி பத்துப் போட்டியில் ஜெயித்திருக்கிறது, தேசியப் போட்டிக்கு எங்கே பணம் கட்ட வேண்டும் என்று கேட்கிறார்கள். இந்திய வாலிபால் சம்மேளனம் 1951-இல் தொடங்கப்பட்டது. அதன் தேசிய சாம்பியன்ஷிப்பில் மோதுவது மாநில அணிகள். சீனியர் பிரிவில் ரயில்வே, சர்வீசஸ் போன்ற அணிகளும் தனியாக இறங்கும். எந்த ஊர் மன்றமும் அதன் சொந்தப் பெயரில் அங்கே ஆட முடியாது.

அப்படியானால் மன்றத்தின் வேலை என்ன? ஆட்டக்காரரை மாவட்ட அணி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது. படிகள் இவைதான்: மன்றம் மாவட்ட வாலிபால் சங்கத்தில் உறுப்பாகச் சேர வேண்டும். மாவட்டச் சங்கம் நடத்தும் போட்டியிலோ தேர்விலோ மன்றத்தின் ஆட்டக்காரர்கள் கலந்துகொள்ள வேண்டும். அங்கே தேர்வாகிறவர்கள் மாவட்ட அணி. மாவட்ட அணிகள் மாநில சாம்பியன்ஷிப்பில் மோதும். அதில் கண்ணில் படுகிறவர்கள் பயிற்சி முகாமுக்கு அழைக்கப்படுவார்கள். முகாமின் முடிவில் தமிழ்நாடு அணி அறிவிக்கப்படும். அந்தப் பட்டியலில் இருப்பவர்தான் தேசிய சாம்பியன்ஷிப்புக்கு ரயில் ஏறுவார்.

ஆறு பேர் சேர்ந்து ஆடிப் பழகிய அணியில் இருந்து ஒருவரோ இருவரோதான் அடுத்த படிக்கு ஏறுவார்கள். நெட்டில் ஏறி அடிக்கிறவர் மட்டும்தான் தேர்வாவார் என்று நினைக்க வேண்டாம். பந்தைத் தூக்கிக் கொடுக்கும் பூஸ்டர், பின்வரிசையில் விழுந்து எடுக்கும் லிபரோ ஆகியோரையும் தேர்வாளர்கள் தேடுவார்கள். லிபரோ என்ற இடம் 1998-இல்தான் சர்வதேச விதியில் வந்தது. உயரம் குறைந்த பிள்ளைகளுக்கும் அது ஒரு வாசலைத் திறந்துவிட்டது. நம் ஊர்களில் இன்னமும் எல்லோரும் ஸ்மாஷ் அடிக்கவே பழகுகிறோம். எடுத்துக் கொடுப்பவரையும் அதே அக்கறையோடு வளர்த்தால் தேர்வாகும் வாய்ப்பு கூடும்.

வயது காத்திருக்காது

சப்-ஜூனியர், யூத், ஜூனியர், சீனியர் என்று பிரிவுகள் இருக்கின்றன. யூத் என்பது 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. எந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர்கள் ஆடலாம் என்பதை ஒவ்வோர் ஆண்டும் சுற்றறிக்கையில் சொல்வார்கள். ஒரு பிரிவுக்குத் தேர்வு ஆண்டுக்கு ஒரு தடவைதான் வரும். பதினேழு வயதில் ஒரு தேர்வைத் தவறவிட்ட பிள்ளைக்கு அந்தப் பிரிவே முடிந்துவிடலாம். பிறகு இருபது, இருபத்தைந்து வயது ஆட்டக்காரர்களோடு முட்டி மோதித்தான் இடம் பிடிக்க வேண்டும்.

வயதுக்குச் சான்று பிறப்புச் சான்றிதழ். இங்கேதான் நம் குடியிருப்புப் பிள்ளைகள் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் குத்துமதிப்பாக எழுதிய தேதி ஒன்று, ஆதாரில் இன்னொன்று, பிறப்புப் பதிவே இல்லாதது மற்றொரு பக்கம். வயது மோசடியைத் தடுக்க மத்திய அரசு 2010-இல் விதிமுறை கொண்டுவந்தது. அதன்படி சந்தேகம் எழுந்தால் மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்பலாம். தேதி முரண்பட்டால் நல்ல ஆட்டக்காரரும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

பிறந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டால் உரிய அதிகாரியின் உத்தரவு பெற்றுத்தான் பதிவு செய்ய முடியும். அதற்கு நாள் பிடிக்கும். தேர்வு அறிவித்த பிறகு ஓடினால் கிடைக்காது. மன்றத்தில் சேரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டியது பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்பதைத்தான்.

பள்ளி வழியாக ஒரு பாதை

சங்கத்தின் வழி ஒன்று என்றால், பள்ளியின் வழி இன்னொன்று. குறுவட்டப் போட்டி, வருவாய் மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று பள்ளிக் கல்வித் துறை நடத்துகிறது. அதற்கு மேல் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டி. 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிவுகள் உண்டு. மன்றத்துக்குப் பதிவு இல்லாவிட்டாலும் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இந்த வழி திறந்தே இருக்கிறது. உடற்கல்வி ஆசிரியர் பெயரைச் சேர்த்து அழைத்துப் போக வேண்டும். ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் பெற்றோர் தலைமை ஆசிரியரிடம் பேசி, வேறு ஆசிரியர் ஒருவரை அணியோடு அனுப்பச் சொல்ல வேண்டும்.

கல்லூரியில் சேர்ந்துவிட்டால் பல்கலைக்கழக அணி, தென்மண்டலப் போட்டி, அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி என்று பாதை போகும். வாலிபாலுக்குப் பெயர் பெற்ற எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகம் நம் மாவட்டத்தின் காட்டாங்குளத்தூரில்தான் இருக்கிறது. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் இதே மாவட்டத்தில் மேலக்கோட்டையூரில் இருக்கிறது. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி பேருந்தில் போய்வரும் தூரம். 1895-இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் வில்லியம் மார்கன் வாலிபாலைக் கண்டுபிடித்தது ஒரு ஒய்.எம்.சி.ஏ. கூடத்தில்தான். அந்த அமைப்பு 1920-இல் தொடங்கிய கல்லூரி இது. இவ்வளவும் பக்கத்தில் இருந்தும் நம் மணல் திடலுக்கும் அந்த வளாகங்களுக்கும் தொடர்பு இல்லை என்பதுதான் வருத்தம்.

மூன்றாவதாக, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் முதலமைச்சர் கோப்பை. இதில் பள்ளி, கல்லூரி, மாற்றுத்திறனாளிகள், அரசு ஊழியர், பொதுப்பிரிவு என்று தனித்தனியாகப் பதிவு செய்யலாம். படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகும் இளைஞர்களும் பொதுப்பிரிவில் ஆட முடியும். இந்தப் போட்டி மாநில அளவோடு முடிந்துவிடும். ஆனாலும் பயிற்சியாளர்களும் தேர்வாளர்களும் வந்து பார்க்கும் இடம் அது. மன்ற அணி மன்ற அணியாகவே நிற்கக்கூடிய அரசுப் போட்டி என்பதால், முதல் படியாக இதைப் பிடித்துக்கொள்ளலாம்.

18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டி 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்தது. தமிழ்நாடு 38 தங்கத்தோடு பதக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது. கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகிப் பயிற்சி பெறும் வீரருக்குக் கைச்செலவுக்கு மாதம் 10,000 ரூபாய் கிடைக்கிறது. கூலிக்குப் போகும் குடும்பத்தில், பிள்ளை ஆட்டத்தை விடாமல் இருக்க அந்தத் தொகை எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு தாளின் மதிப்பு

தேசியப் போட்டிக்குப் போய் என்ன கிடைக்கும் என்று கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள். கேட்பது நியாயம். கோப்பையை விற்று அரிசி வாங்க முடியாது. ஆனால் சான்றிதழ் வேறு.

மத்திய அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர் ஒதுக்கீட்டுக்கு 1980-இல் வகுத்த முறை ஒன்று இருக்கிறது. இந்தியாவுக்காக ஆடியவருக்கு படிவம் 1. மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவருக்கு படிவம் 2. அதில் கையெழுத்திடுவது மாநிலச் சங்கத்தின் செயலாளர். பல்கலைக்கழக அணிக்காக ஆடியவருக்கு படிவம் 3. தேசியப் பள்ளிப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியவருக்கு படிவம் 4. ரயில்வே, அஞ்சல் துறை, வருமான வரித் துறை என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும் இடங்களில் இந்தப் படிவங்களைத்தான் கேட்பார்கள். தமிழ்நாடு அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. எந்தப் போட்டி, எந்த இடம் செல்லும் என்பதை அரசாணை சொல்கிறது.

பொங்கல் போட்டியில் வென்ற ஆளுயரக் கோப்பைக்கு இந்தப் பட்டியலில் இடமே கிடையாது. முன்பின் தெரியாத ஏதோ ஓர் அமைப்பு "அகில இந்திய" என்று பெயர் வைத்து, பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் சான்றிதழும் அப்படித்தான். கடன் வாங்கி வெளிமாநிலம் போய் அப்படி ஆடிவிட்டு வந்து, வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அது செல்லாது என்று தெரிந்து உடைந்துபோகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். போட்டி நடத்தும் அமைப்பு அங்கீகாரம் பெற்றதா, அதன் சான்றிதழ் எந்தப் படிவத்தில் வரும் என்று பணம் கட்டும் முன்பே மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் கேட்டுவிட வேண்டும்.

நம்மில் இருந்து போனவர்கள்

நம் தெருவில் இருந்து யார் அவ்வளவு தூரம் போவார்கள் என்று சலித்துக்கொள்வோருக்குச் சொல்ல வரலாறு இருக்கிறது. பாலூ பல்வங்கர் புனேவில் கிரிக்கெட் மைதானத்தில் வேலை பார்த்த தலித் இளைஞர். தேநீர் இடைவேளையில் அவருக்குத் தனிக் குவளை. ஆனால் 1911-இல் இங்கிலாந்து போன இந்திய அணியின் முதன்மைப் பந்துவீச்சாளர் அவர்தான். அம்பேத்கர் இளமையில் வியந்து பார்த்த மனிதர். நம் காலத்தில் தூத்துக்குடி மாவட்டத்தின் மணத்தி கிராமத்தில் இருந்து வந்த கணேசன், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடினார். 1995-இல் அர்ஜுனா விருது பெற்றார். 2025-இல் சென்னைக் கண்ணகி நகரின் கார்த்திகா, பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் விளையாட்டில் கபடித் தங்கத்தோடு திரும்பினார்.

கபடிக்குக் கிடைத்த இந்தக் கவனம் வாலிபாலுக்கும் கிடைக்க வேண்டும். இந்திய வாலிபால் அணி 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெள்ளியும், 1986 சியோலில் வெண்கலமும் வென்றது. அர்ஜுனா விருது தொடங்கிய 1961-லேயே வாலிபாலுக்காக அதைப் பெற்றவர் ஏ.பழனிசாமி.

திடல் யாருக்குச் சொந்தம்?

வழி தெரிந்துவிட்டால் மட்டும் போதாது. ஆட இடம் வேண்டும். வாலிபால் களம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். சுற்றிலும் ஓட இடம் விட்டாலும் ஒன்பது, பத்து சென்ட் நிலம் போதும். அந்த ஒன்பது, பத்து சென்ட்தான் நம் குடியிருப்புகளில் கிடைப்பதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிலத்தின் விலை ஏற ஏற, நேற்று வரை பிள்ளைகள் ஆடிய மணல்வெளியில் இன்று வேலி நிற்கிறது. சுடுகாட்டு ஓரத்திலும் ஏரிக்கரையிலும் நெட் கட்டுகிறோம். மழை வந்தால் மூன்று மாதம் ஆட்டம் இல்லை.

நிலம் என்றதும் செங்கல்பட்டுக்காரர்களுக்குப் பழைய கணக்கு ஒன்று நினைவுக்கு வரும். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் இங்குள்ள ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை குறித்துத் தந்த அறிக்கைதான் 1892-இல் பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு வழி செய்தது. அந்த நிலத்தை மீட்கக் காரணையில் நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10-இல் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். அந்த மண்ணில் பிள்ளைகளுக்கு ஆடுகளம் கேட்பது சலுகை கேட்பதாகாது.

ஊர்ப் பக்கம் இருக்கும் பொதுத் திடலுக்கும் நமக்கு உரிமை உண்டு. மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924-இல். நூறு ஆண்டு கடந்துவிட்டது. பொதுப் பொழுதுபோக்கு இடங்களையும் பிற பொது இடங்களையும் பயன்படுத்தவிடாமல் பட்டியல் சாதியினரைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. தடுத்தால் 14566 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களில் இருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். பெயர் மாறும் இடத்தில் திடலும் வரட்டும். கிராம ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு 2024-இல் இருந்து வழங்கப்பட்டது. உங்கள் ஊராட்சிக்கு வந்த தொகுப்பு எங்கே பூட்டிக் கிடக்கிறது என்று கேளுங்கள். அது எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்தது.

பெண் பிள்ளைகளும் மணல் வாலிபாலும்

பெண்களுக்கான நெட் உயரம் 2.24 மீட்டர், ஆண்களுக்கு 2.43. அந்த நெட்டைக் கொஞ்சம் இறக்கிக் கட்ட மனசு வர வேண்டும், அவ்வளவுதான். ஆண்கள் ஆடி முடித்த பிறகு மிச்ச வெளிச்சத்தில் ஆடுங்கள் என்று சொல்லாமல், வாரத்தில் சில நாள் முதல் ஆட்டத்தைப் பெண் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். மாவட்டத் தேர்வுக்கு அவர்களை அழைத்துப் போக மன்றத்தில் ஒரு அக்காவையோ அம்மாவையோ பொறுப்பாக்குங்கள். பெற்றோர் அனுப்பத் தயங்குவது அப்போது குறையும்.

கடற்கரைப் பிள்ளைகளுக்கு மற்றொரு வாய்ப்பும் இருக்கிறது. மணல் வாலிபால், அதாவது பீச் வாலிபால். ஒரு அணிக்கு இரண்டே பேர். களமும் சிறியது, 16 மீட்டருக்கு 8 மீட்டர். 1996 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. 2025 மே மாதம் டையூவில் நடந்த முதல் கேலோ இந்தியா கடற்கரைப் போட்டியிலும் இடம்பெற்றது. உள்ளரங்கில் பழகியவர்கள் மணலில் குதிக்கத் திணறுவார்கள். நம் பிள்ளைகளுக்கு மணல்தான் தாய்வீடு. மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது, ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. அடுத்து இந்த மணலில் வாலிபால் களமும் பயிற்சியாளரும் கேட்டு நாம் குரல் கொடுக்கலாம்.

மன்றங்கள் செய்ய வேண்டியவை

ஒன்று: மன்றத்தைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். கடிதம் எழுதவும் உதவி கேட்கவும் ஒரு முகவரி கிடைக்கும்.

இரண்டு: மாவட்ட வாலிபால் சங்கத்திடம் எழுத்தில் விண்ணப்பியுங்கள். உறுப்புக் கட்டணம், தேர்வு நடக்கும் மாதம், தேவையான சான்றுகள் ஆகியவற்றைக் கேட்டு வாங்கி மன்றப் பலகையில் எழுதிப் போடுங்கள். மனுவின் நகலை மாவட்ட விளையாட்டு அலுவலருக்கும் அனுப்புங்கள்.

மூன்று: ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு. பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்று, புகைப்படம். எல்லாவற்றிலும் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்கட்டும்.

நான்கு: போட்டி நடத்தி மிஞ்சும் பணத்தில் ஒரு பங்கைத் தேர்வுச் செலவுக்கு ஒதுக்குங்கள். பேருந்துக் கட்டணம், ஒரு நாள் கூலி இழப்பு, ஒரு ஜோடி ஷூ. இந்த மூன்றும் இல்லாமல் வீட்டில் நின்றுபோன பிள்ளைகள் அதிகம். வெறுங்காலில் மணலில் ஆடியவர் தேர்வு நாளில் முதல் முறையாக ஷூ போட்டால் கால் தடுமாறும். ஒரு மாதம் முன்பே போட்டுப் பழகட்டும்.

ஐந்து: கிராம சபையில் திடலுக்குத் தீர்மானம் கொடுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் நமக்கான நாட்கள். புல எண், அளவு குறிப்பிட்டு எழுத்தில் கொடுங்கள்.

சங்கங்களுக்கும் அரசுக்கும் நாம் வைக்கும் கோரிக்கை சிறியது. தேர்வுத் தேதியைப் பத்திரிகையிலும் ஊராட்சி அலுவலகப் பலகையிலும் குறைந்தது பதினைந்து நாள் முன்பே அறிவியுங்கள். தேர்வை விடுமுறை நாளில் வையுங்கள். தேர்வானவர்கள் பட்டியலை வெளிப்படையாக ஒட்டுங்கள். தெரிந்த மன்றத்துக்கு மட்டும் தொலைபேசியில் சொல்லிவிட்டுத் தேர்வை முடித்தால், கடற்கரைக் குடியிருப்பில் இருக்கும் பிள்ளைக்குச் செய்தி வருவதற்குள் அணி ரயில் ஏறியிருக்கும். மாவட்ட அணியில் இடம் பிடிக்கும் ஏழைப் பிள்ளைகளின் பயணச் செலவை ஆதிதிராவிடர் நலத் துறை ஏற்க வேண்டும்.

அடுத்த போட்டிக்கு நோட்டீஸ் அடிக்கும் முன், மன்றத்தில் உட்கார்ந்து 18 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். யாரிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, யார் தேர்வுக்குப் போகத் தயார் என்று பாருங்கள். அந்தத் தாளோடு செங்கல்பட்டுக்குப் பேருந்து ஏறுங்கள்.